கரை உடையும் முன்னே...

"அவர்கிட்டே ஒண்ணும் சொல்லிடாதே, பிரஷர் ஏறிடும்!"

நம் வீடுகளில் வாரம் ஒரு முறையாவது காதில் விழுகிற வசனம் இது. கரண்ட் பில் எகிறினால் பிரஷர், பிள்ளை கணக்கில் கோட்டை விட்டால் பிரஷர், சம்பந்தி வீட்டார் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டால் பிரஷர்! கேட்கிறவர்களுக்கு, பிரஷர் என்பதே ஒரு வியாதி, நல்ல உடம்பில் அது இருக்கவே கூடாது என்றுதான் தோன்றும்.

அப்படியில்லை, சகோதரிகளே! ரத்த அழுத்தம் இல்லாமல் யாரும் உயிரோடு இருக்க முடியாது. உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை ரத்தத்தைக் கொண்டு போய்ச் சேர்ப்பதே அந்த அழுத்தம்தான். அது இருக்க வேண்டும், அளவோடு இருக்க வேண்டும். அளவு மீறினால்தான் ஆபத்து. அந்த ஆபத்து வாசல்படி ஏறி உள்ளே வந்து உட்கார்ந்த பிறகும் பெரும்பாலும் நமக்குத் தெரிவதே இல்லை.

டாக்டருக்குப் படிக்காத நான் இதைப் பற்றி எழுதக் காரணம் எங்கள் வீட்டு மனுஷிகள் இருவர். ஒருவர் என் மாமியார், இன்னொருத்தி என் தங்கை. இவர்களுக்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களில் எங்கள் டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவையும், பிறகு நானே தேடிப் படித்தவையும்தான் இந்தக் கட்டுரை.

ஒரு நாளைக்கு 350 கேன்!

நம் இதயம் அவரவர் கை முஷ்டி அளவுதான் இருக்கும். ஒரு துடிப்புக்கு அது வெளியே தள்ளுகிற ரத்தம் சுமார் 70 மில்லி. பார்த்தால் அரை டம்ளர் காபிகூட இல்லை. ஆனால் நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர். ஒரு நாளைக்கு 7,000 லிட்டர். வீட்டுக்கு வருகிறதே 20 லிட்டர் தண்ணீர் கேன், அதில் 350 கேன்! இத்தனைக்கும் நம் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தம் நாலரை, ஐந்து லிட்டர்தான். ஆக, ஒரே ரத்தம் ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு முறை உடம்பைச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது.

இந்தக் கணக்கைப் போட்டுத்தான் இங்கிலாந்து டாக்டர் வில்லியம் ஹார்வி 1628-ல் உலகத்துக்கே ஒரு புது விஷயத்தைச் சொன்னார். அதுவரை ஐரோப்பாவில், கல்லீரல் ரத்தத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, உடம்பு அதைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது என்று நம்பினார்கள். "அரை மணி நேரத்தில் இதயம் தள்ளுகிற அளவைக் கூட்டினால் உடம்பில் உள்ள ரத்தத்தைவிட அதிகமாகிறதே, அவ்வளவையும் புதிதாக உண்டாக்க முடியுமா? போன ரத்தமேதான் திரும்பி வந்தாக வேண்டும்" என்பது அவர் வாதம். போகிற குழாயும் வருகிற குழாயும் எங்கே சேருகின்றன என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. இத்தாலியின் மால்பிஜி 1661-ல் ஒரு தவளையின் நுரையீரலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து, மயிரிழையைவிட மெல்லிய அந்தக் குழாய்களைக் கண்டுபிடித்தார். தந்துகிகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவைதான்.

கல்லணையும் கழனியும்

நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில். டாக்டரம்மா ரத்த ஓட்டத்தை விளக்கியபோது என் கண் முன்னால் வந்து நின்றது எங்கள் காவிரிதான்.

கல்லணைக்கு ஆறு வந்து சேர்கிறது. அங்கே பிரிகிறது. அப்புறம் கிளையாறு, கிளையாற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். ஆற்றில் சுழித்துக்கொண்டு ஓடின தண்ணீர், வயலுக்குள் வரும்போது ஆடி அசைந்து வருகிறது. ஏன்? எத்தனையோ வாய்க்காலாகப் பிரிந்து, மொத்த அகலம் கூடிப் போய்விடுகிறது. மெதுவாகப் போனால்தானே மண்ணும் குடிக்க முடியும்!

உடம்பிலும் இதே ஏற்பாடுதான். இதயத்திலிருந்து புறப்படும் மகா தமனி கட்டை விரல் பருமன். அங்கே ரத்தம் வேகமாகப் பாய்கிறது. தமனி கிளை விட்டு, கிளை விட்டு, கடைசியில் தந்துகிகளாகும்போது ஒரு விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. சிவப்பணுக்கள் ரேஷன் கடை கியூ மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. அந்த நிதானத்தில்தான் பிராணவாயுவும் சத்தும் சதைக்குள் இறங்குகின்றன. கழிவு ரத்தத்தில் ஏறுகிறது. பிறகு வயலிலிருந்து வடிகாலுக்குப் போகிற மாதிரி, சிரைகள் வழியே ரத்தம் திரும்புகிறது.

வாய்க்காலுக்கு மதகு உண்டல்லவா? உடம்பிலும் மதகு உண்டு. தந்துகிகளுக்கு முந்திய சின்னஞ்சிறு தமனிகளின் சுவரில் வளையம் வளையமாகத் தசை இருக்கிறது. அது இறுகினால் குழாய் குறுகும், தளர்ந்தால் விரியும். சாப்பிட்டவுடன் குடலுக்குப் போகிற மதகு திறக்கிறது. அடுப்படியில் வேகும்போது தோலுக்குப் போகிற மதகு திறந்து முகம் சிவக்கிறது. மாடிப்படி ஏறினால் கால் தசைகளின் மதகு திறக்கிறது. படுக்கையிலிருந்து எழுந்து நின்றால் சுமார் அரை லிட்டர் ரத்தம் கால் பக்கம் இறங்கிவிடும். கழுத்துத் தமனியில் உள்ள உணர்வு நரம்புகள் உடனே கண்டுபிடித்து மதகுகளை இறுக்கி, தலைக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கின்றன. வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த வேலை சற்றுத் தாமதமாகலாம். அதனால்தான் சட்டென்று எழுந்தால் தலை சுற்றுகிறது. ஒரு நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்து பிறகு எழுந்திருப்பது நல்லது.

இந்த மதகு எவ்வளவு சக்தி வாய்ந்தது தெரியுமா? 1840-ஐ ஒட்டிய வருஷங்களில் பிரெஞ்சு டாக்டர் புவாஸேய் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அளந்து பார்த்தார். குழாயின் அகலம் பாதியானால் ஓட்டமும் பாதிதானே ஆக வேண்டும் என்று நமக்குத் தோன்றும். இல்லை! அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது. உடம்பெங்கும் மதகுகள் கொஞ்சம் கொஞ்சம் இறுகிப்போனால்கூட, அதே அளவு ரத்தத்தை அனுப்ப இதயம் எவ்வளவு பாடுபட வேண்டும் பாருங்கள்! அந்தப் பாடுதான் ரத்தக் கொதிப்பு. பேர்தான் கொதிப்பு, ரத்தம் கொதிப்பதுமில்லை, சூடாவதுமில்லை. கரையின் மேல் தண்ணீர் அழுத்துகிறது, அவ்வளவுதான்.

மேலே ஒன்று, கீழே ஒன்று

டாக்டர் சீட்டில் 120/80 என்று எழுதுகிறாரே, அது என்ன இரண்டு எண்?

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது தமனியில் ஏறுகிற உச்ச அழுத்தம் மேல் எண். அடுத்த துடிப்புக்கு முன் இதயம் தளர்ந்து நிரம்பிக்கொள்ளும்போது இருக்கிற அழுத்தம் கீழ் எண். இதயம் ஓய்வெடுக்கும்போது அழுத்தம் பூஜ்யமாகிவிடாதா என்று நான் கேட்டேன். மகா தமனியின் சுவர் ரப்பர் மாதிரி. தள்ளும்போது உப்பிக்கொள்கிறது, பிறகு தானே சுருங்கி ரத்தத்தை முன்னால் தள்ளுகிறது. அதனால் ஓட்டம் நிற்பதில்லை. வயதாக ஆக இந்த ரப்பர் விறைத்துப் போகிறது. பெரியவர்களுக்கு மேல் எண் மட்டும் ஏறி நிற்பது இதனால்தான்.

இந்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவர் ஒரு பாதிரியார். இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹேல்ஸ் ஒரு பெண் குதிரையின் தொடைத் தமனியில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் எட்டடி மூன்று அங்குலம் ஏறி நின்றது! 1733-ல் வெளிவந்த அவர் புத்தகத்தில் இது இருக்கிறது. மனிதருக்கு இப்படி அளக்க முடியுமா? பாதரசம் தண்ணீரைப் போல் 13.6 மடங்கு கனம் என்பதால், உயரமான குழாய்க்குப் பதில் ஒரு சின்னப் பெட்டி போதுமானதாயிற்று. 120 என்றால் 120 மில்லிமீட்டர் பாதரசம். அதையே ரத்தமாக நிறுத்தினால் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், ஏறக்குறைய நம் உயரம்!

கையில் பட்டை சுற்றுகிற முறையைக் கொண்டுவந்தவர் இத்தாலியின் ரிவா-ரோச்சி, 1896-ல். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கலாம் என்று 1905-ல் சொன்னவர் ரஷ்ய டாக்டர் கொரோட்கோவ். பட்டையை இறுக்கினால் ரத்தம் நின்றுவிடும், சத்தமே இருக்காது. மெல்லத் தளர்த்தும்போது 'டக், டக்' என்று முதல் சத்தம் கேட்கிற இடம் மேல் எண். சத்தம் மறைகிற இடம் கீழ் எண். இப்போது நம் வீடுகளில் பாட்டரி போட்ட சின்ன மெஷினே பட்டைக்குள் எழும் அதிர்வைக் கொண்டு கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது.

"எனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே!"

இனி என் மாமியார் கதை. அவருக்கு அப்போது 62 வயது. ஒரு கண் ஆபரேஷனுக்காகப் பரிசோதித்தபோது 178/104 இருந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். ஒரு நாள் மாத்திரை அட்டை அப்படியே பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது.

"என்ன அத்தை இது?" என்றேன்.

"எனக்கென்னம்மா வந்திருக்கு? தலை சுத்துதா, மயக்கம் வருதா? கல்லு மாதிரி இருக்கேன். சும்மா எதுக்கு மாத்திரையைத் தின்னு ஈரலைக் கெடுத்துக்கணும்?"

அவருக்குப் படிப்பு குறைவு. ஆனால் நாற்பது வருஷம் நாற்று நட்டு, களை எடுத்து, ராத்திரியில் தண்ணீர் கட்டப் போனவர். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"அத்தை, ஆத்துல தண்ணி கூடுதலா வருது. மதகெல்லாம் பாதி மூடியிருக்கு. கரை உடையறதுக்கு முன்னாடி சத்தம் போடுமா?"

அவர் என்னைப் பார்த்தார். "எங்கே போடும்? உள்ளுக்குள்ளேயே ஊறி ஊறி அரிச்சுக்கிட்டிருக்கும். ஒரு ராத்திரி படக்குனு உடைப்பெடுத்துக்கும்."

"அதேதான் அத்தை. தினமும் கரையைப் பார்க்கிறவங்களுக்குத்தான் தெரியும்."

நானும் வேறொன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் தானாகவே தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் போனார்.

கரை அரிப்பது என்று சொன்னேனே, அது வெறும் உவமை இல்லை. வருஷக்கணக்கில் கூடுதல் அழுத்தம் தாங்கும் தமனியின் உள்சுவர் காயப்படுகிறது, அதில் கொழுப்பு படிகிறது. மூளையில் குழாய் வெடித்தாலோ அடைத்தாலோ பக்கவாதம். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் பழுதாகின்றன. கண்ணின் திரையில் ரத்தம் கசிகிறது. எதிர்த்து எதிர்த்துத் தள்ளி இதயத்தின் தசை தடித்து, கடைசியில் களைத்துப் போகிறது. இவ்வளவும் நடக்கும்போது பெரும்பாலானவர்களுக்குத் தலைவலிகூட வருவதில்லை!

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சில் அளந்தபோது 186/108 இருந்தது. அடுத்த வருஷம் ஏப்ரல் 12 அன்று தலை வலிக்கிறது என்று சொல்லி மயங்கி விழுந்தார். அப்போது 300/190. மூளையில் ரத்தக் கசிவால் அன்றே காலமானார். வயது 63. உலகத்தின் பெரிய பதவியில் இருந்தவருக்கும் அன்று கொடுக்க நல்ல மருந்து கிடையாது. அதன் பிறகுதான் மருந்துகள் வந்தன. அதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தா வேர் ரத்தக் கொதிப்பைக் குறைப்பதைப் பற்றிப் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் எழுதினார். 1952-ல் அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அதைவிடப் பத்திரமான மாத்திரைகள் பல வந்துவிட்டன. ஆகவே வேரைத் தேடிப் போக வேண்டாம், டாக்டர் எழுதித் தருவதே போதும்.

ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைக்காத மருந்து இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், பிரஷர் பார்ப்பதையும் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவரத்தான் ஏற்பட்டது. இதையும் அத்தையிடம் சொன்னேன். "ராஜாவுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைச்சிருக்கு" என்று சிரித்தார். இப்போது அவருக்கு 132/80. உடம்பு நன்றாக இருப்பதே மாத்திரையால்தான், ஆகவே நன்றாக இருக்கிறது என்று அதை நிறுத்தக் கூடாது. இது அவரே அக்கம்பக்கத்துக்குச் சொல்லும் உபதேசம்!

எட்டாம் மாசத்தில் ஏறிய எண்

மாமியாருக்காக வாங்கிய அந்தச் சின்ன மெஷின்தான் பிறகு என் தங்கையைக் காப்பாற்றியது.

தலைப்பிரசவத்துக்கு அவள் தாய்வீடு வந்திருந்தாள். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு 40, 50 சதவீதம் கூடுகிறது. அவ்வளவு கூடியும், சாதாரணமாக நடு மாதங்களில் பிரஷர் சற்று இறங்கவே செய்யும். கருப்பைக்குப் போகிற தமனிகள் அகன்று, உடம்பின் மதகுகள் தளர்ந்து வழி விடுவதுதான் காரணம். சிலருக்கு அந்தத் தமனிகள் போதிய அளவு அகலுவதில்லை. நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சரியாகப் போகாமல், அங்கிருந்து கிளம்பும் சில பொருள்கள் தாயின் ரத்தக் குழாய்களைப் பாதிக்கின்றன. 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் ஏறுகிறது, சிறுநீரில் புரதம் போகிறது. பிரிஎக்லாம்ப்ஸியா என்று பெயர். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம். தாய்க்கும் குழந்தைக்கும் உயிராபத்து.

எட்டாம் மாசத்தில் தங்கைக்குக் கால் வீங்கியது. "மாசமா இருக்கிறவளுக்குக் கால் வீங்கறது புதுசா? பார்லித் தண்ணி குடி, சரியாயிடும்" என்றாள் அம்மா. கால் மட்டும் வீங்கினால் பெரும்பாலும் அம்மா சொன்னது சரிதான். ஆனால் தங்கையின் முகமும் உப்பியிருந்தது, விரலில் மோதிரம் கழற்ற வரவில்லை. சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். 152/98. சிறுநீரில் புரதம். அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மருந்து கொடுத்து, தினமும் பார்த்துக்கொண்டே வந்து, 36-வது வாரத்தில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை, இரண்டு கிலோ நூறு கிராம்.

குழந்தை பிறந்தால் எல்லாம் தீர்ந்தது என்றுதான் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. டாக்டரம்மா மட்டும், "ஆறு வாரம் வரைக்கும் கண்ணை மூடிடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். பிரசவமான எட்டாம் நாள் ராத்திரி பதினோரு மணிக்குத் தங்கை நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, தலையைப் பிளக்குது. கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

"பச்சை உடம்பு. ராவெல்லாம் தூக்கமில்லே. தைலம் தடவிவிடு" என்றாள் அம்மா.

நான் மெஷினை எடுத்துக் கட்டினேன். 164/108. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தேன், 166/110. குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என் கணவர் கூப்பிட்டு வந்த ஆட்டோவில் ஏறினோம். போய்ச் சேர்ந்ததும் வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட் ஊசி போட்டார்கள், பிரஷரை இறக்க மருந்து ஏற்றினார்கள். மூன்று நாளில் வீடு திரும்பினாள். அந்தக் குழந்தைக்கு இப்போது மூன்று வயது. என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இதை எழுதவிடாமல் செய்கிறாள்!

இளம் தாய்மார்களே, இதை மட்டும் மனசில் எழுதிக்கொள்ளுங்கள். கர்ப்ப காலத்திலோ பிரசவமான ஆறு வாரத்துக்குள்ளோ பொறுக்க முடியாத தலைவலி, கண் மங்கல் அல்லது பளிச்சிடல், மேல் வயிற்றில் வலது பக்க வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், மூச்சுத் திணறல், இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே பிரஷர் பார்க்க வேண்டும். 140/90 என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். 160/110 என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஒரு முறை இப்படி வந்தவர்கள், அடுத்த கர்ப்பம் தரித்ததுமே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்து மறுபடி வராமல் தடுக்கப் பார்ப்பார்கள். அதை நாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. பிற்காலத்தில் ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம். ஆகவே வருஷம் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளப்பதிலும் ஒரு பக்குவம்

மெஷின் இருந்தால் போதாது, பக்குவமாக அளக்க வேண்டும். காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். முதலில் பாத்ரூம் போய்விட்டு வாருங்கள். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். கையை மேஜை மேல், மார்பு உயரத்தில் வையுங்கள். கை பத்து சென்டிமீட்டர் கீழே தொங்கினால் எண் எட்டு கூடும். ரத்தத்தின் கனம்தான் காரணம். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் எண் பொய்யாகக் கூடும். அளக்கும்போது பேச்சு கூடாது, 'குக்கர் எத்தனை விசில்?' என்றுகூட! ஒரு நிமிஷம் விட்டு இரண்டாம் முறையும் பாருங்கள்.

120/80-க்குக் கீழே இருந்தால் நல்லது. வெவ்வேறு நாளில் பார்த்தும் 140/90-ஐத் தொட்டால் ரத்தக் கொதிப்பு என்று வைத்து டாக்டரைப் பார்க்க வேண்டும். கோபத்திலும் பயத்திலும் கொஞ்ச நேரம் ஏறி இறங்குவது எல்லாருக்கும் உண்டு. ஒரே ஒரு எண்ணைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம், ஒரே ஒரு எண்ணைப் பார்த்து மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் 180/120-ஐத் தாண்டி, மார்வலியோ, பேச்சுக் குழறலோ, கை கால் விளங்காமையோ இருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

நம் கையில் இருக்கும் மதகு

எல்லாம் மாத்திரையின் கையில் என்று நினைக்காதீர்கள். ஒரு பெரிய மதகு நம் அடுக்களையிலேயே இருக்கிறது, உப்பு டப்பா! உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆற்றில் தண்ணீர் கூடினால் கரையில் அழுத்தமும் கூடத்தானே செய்யும்? ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் கீழே, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குள், இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், வடாம், கருவாடு, மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

நான் செய்வது இது. நாங்கள் நான்கு பேர். காலையிலேயே மூன்று டீஸ்பூன் உப்பை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவேன். அன்றைய சமையல் முழுக்க அதிலிருந்துதான். மிச்சம் ஒரு டீஸ்பூன், தெரியாமல் உள்ளே போகிற உப்புக்காக ஒதுக்கியது. சாதத்தில் உப்புப் போடுவதில்லை. எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், கொத்துமல்லி கொஞ்சம் தாராளம். முதல் பத்து நாள் முகம் சுளித்தார்கள், பிறகு நாக்கு பழகிவிட்டது. இந்துப்பு போட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதுவும் பெரும்பாலும் அதே உப்புதான், நிறம்தான் வேறு. பொட்டாசியம் கலந்த உப்பு என்று கடையில் விற்பதை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

நின்றுகொண்டே வேலை செய்கிற நமக்கு இன்னொன்று. காலிலிருந்து ரத்தம் மேலே ஏறிப் போக இதயத்தின் தள்ளல் மட்டும் போதாது. கெண்டைக்கால் சதை சுருங்கிப் பிழிந்து தள்ள வேண்டும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைக் கீழே இறங்கவிடாமல் தடுக்க வேண்டும். அசையாமல் நின்றால் கணுக்கால் சிரையில் மட்டும் 90 மில்லிமீட்டர் அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது. நடந்தால் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. தோசை வேகும் நேரத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யுங்கள். தினம் அரை மணி நடந்தால் காலுக்கும் நல்லது, பிரஷரும் இறங்கும்.

கடைசியாக ஒன்று. வீட்டுக்காரரின் சட்டை அளவு நமக்குத் தெரியும். பிள்ளையின் செருப்பு அளவு தெரியும். மாமனாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். நம்முடைய இரண்டு எண்கள் என்ன? இந்த மாதமே ஒரு நாள், அத்தையையோ அம்மாவையோ துணைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வந்ததும், பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே, அந்தத் தேதிக்கு நேராக, உங்கள் பெயரைப் போட்டு எழுதி வையுங்கள்.